அடித்தவனும் அம்புலன்சில் ஏறவேண்டும்

நிருஷனுக்குத் தண்டம் விழுந்தால் செம்பரிதிக் கழகத்துக்காரருக்குக் கொண்டாட்டம். பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையாகத்தான். குடாநாட்டு லீக்கில் சம்பளத்துக்கு விளையாடுகிற எட்டு உதைபந்தாட்டக் கழகங்களிலும் அவனைப்போல ஒரு பின்வரிசைக்காரன் கிடையாது. ஆறடி ஆள். தெல்லிப்பழைச் செம்மண் தோட்டத்தில் பதினைந்து வயதிலிருந்தே மண்வெட்டி பிடித்த கை. அவன் நிற்கிற பக்கத்தால் பந்து கொண்டுபோகப் பயந்து மற்றப் பக்கத்தாலேயே முழு மாட்சும் விளையாடிய கழகங்கள் உண்டு.

முரட்டு அடிக்கு இருபத்தையாயிரம் ரூபா தண்டம் என்று லீக் சட்டம் போட்டது. நல்ல சட்டந்தான். ஆனால் பாருங்கோ, சட்டம் போட்டவர்களுக்கு எங்கடை சனத்தைத் தெரியாமல் போயிற்று. மாட்ச் முழுவதும் போனில் நேரடியாகப் போகிறது, கனடாவிலும் சுவிசிலும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பார்க்கிறார்கள். கோல் போட்டவனுக்கு அங்கிருந்தபடியே அன்பளிப்பு அறிவிப்பது பழைய வழக்கம். இப்போது அதோடு தண்டத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். நடுவர் அட்டையைத் திரும்பப் பைக்குள் வைக்க முன்னமே ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் கிருபைரட்ணம் முழங்குவார்.

"அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே! எமது கோட்டைச்சுவர் நிருஷன் அவர்களின் தண்டப்பணத்தைச் சுவிஸ் நாட்டிலிருந்து கழகத்தின் அபிமானி ஒருவர் முழுமையாக ஏற்றுக்கொள்கிறார்! பலத்த கரகோஷம்!"

கரகோஷமோ, வானைப் பிளக்கும். மாட்ச் முடிய மாலை வேறு. அடி வாங்கினவன் ஒரு கரையில் பனிக்கட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கிடப்பான், அடித்தவன் மாலையோடு படம் எடுப்பான். இரண்டு வருசத்தில் நாலு தரம் இப்படி நடந்தது. நாலு தரமும் நிருஷனுக்கு மாலை. எனக்கு இப்பவும் நினைத்தால் பத்திக்கொண்டு வரும்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்த மனுசி தேவமலர் ரீச்சர். லீக்கின் ஒழுங்காற்றுக் குழுவுக்குத் தலைவி. வட்டுக்கோட்டைப் பக்கம் உடற்கல்வி படிப்பிக்கிறவர். சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாது, சொன்னதை மாற்றவும் தெரியாது. தை மாதக் கூட்டத்தில் எழும்பி, ஒரு தாளைப் பார்த்து வாசித்தார்.

"தலையிலை அடிபட்டு ஒரு ஆள் ஆஸ்பத்திரிக்குப் போனால், அடிச்சவரும் அதே அம்புலன்சிலை ஏற வேணும். ஸ்கான் ரிப்போர்ட் வரும் மட்டும் பக்கத்திலை இருக்க வேணும். அடிபட்டவர் என்ன கேட்டாலும் பதில் சொல்ல வேணும். ஏறாட்டி அந்த வருசம் முழுக்க விளையாடேலாது."

கூட்டத்தில் சிரிப்பு. செம்பரிதியின் தலைவர் குகதாசனுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. "ரீச்சர், இதென்ன தண்டம்? அம்புலன்சிலை ஓசிச் சவாரியோ?"

"ஓம். காசு எண்டால் ஆரும் கட்டுவினம். சுவிசிலை இருக்கிற உங்கடை அபிமானியை வந்து அம்புலன்சிலை ஏறச் சொல்லுங்கோ பாப்பம்," என்றுவிட்டு ரீச்சர் இருந்தார். என்ன மனுசியப்பா! அன்றைக்கே சட்டம் நிறைவேறிற்று.

அந்தச் சட்டம் முதன்முதலில் பிடித்த ஆள் நிருஷன்தான். அதுவும் இறுதி ஆட்டத்தில்.

எழுபதாவது நிமிடம். பூச்சியத்துக்குப் பூச்சியம். எதிர்க்கழகமான நீலவானத்தின் முன்வரிசைக்காரன் நிர்மலன், கொடிகாமத்துப் பெடியன், ஒல்லிக்குச்சி, ஆனால் காற்றுப்போல ஓடுவான். அன்றைக்கு நிருஷனை மூன்று தரம் கடந்து போயிருந்தான். மூன்றாம் தரம் சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பு நிருஷனுக்குள் போய் இருந்துகொண்டது. நாலாம் தரம் உயரப் பந்து வந்தது, நிர்மலன் தலையால் முட்ட எழும்பினான், நிருஷனும் எழும்பினான். பந்து எங்கேயோ போனது. நிருஷனின் முழங்கை நிர்மலனின் காதுக்கு மேலே போய் இறங்கியது. விழுந்தவன் எழும்பவில்லை.

சிவப்பு அட்டை. கிருபைரட்ணம் பழக்கதோசத்தில், "ரசிகப் பெருமக்களே, கனடாவிலிருந்து ஒரு..." என்று தொடங்கினவர், மைதானத்துக்குள் அம்புலன்ஸ் வருவதைக் கண்டு மைக்கை நிறுத்தினார். தேவமலர் ரீச்சர் கோட்டுக்கு வெளியே வந்து நின்றார். ஏசவில்லை. அம்புலன்ஸ் கதவைக் கையால் காட்டினார், அவ்வளவுதான். ஒரு வருசம் வெளியில் இருப்பதா, இதில் ஏறுவதா? நிருஷன் பல்லைக் கடித்துக்கொண்டு, சப்பாத்தையும் கழற்றாமல் ஏறினான்.

உள்ளே லீக்கின் முதலுதவிக்காரி மதுஷா நிர்மலனின் தலையை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தாள். கண் திறந்துதான் இருந்தது. ஒரு தரம் சத்தி எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டான். பிறகு தெளிவான குரலில் கேட்டான்.

"எத்தினை எத்தினை?"

"பூச்சியம் பூச்சியம்," என்றாள் மதுஷா.

"எனக்கு என்ன நடந்தது? ஆர் அடிச்சது?"

மதுஷா நிருஷனைப் பார்த்தாள். நிருஷன் யன்னலைப் பார்த்தான். "அண்ணை, சட்டம் தெரியும்தானே. நீங்கள்தான் சொல்ல வேணும். சொல்லாட்டி இவர் பதகளிக்கிறார்."

"நான்தான்," என்றான் நிருஷன். அதோடு விட்டானா? "ஆனால் நான் பந்துக்குத்தான் வந்தனான். நீ குறுக்காலை வந்து தலையைத் தந்தனி. நடுவருக்கும் கண் தெரியாது. நான் வேணுமெண்டு செய்யேல்லை."

நிர்மலன் கொஞ்ச நேரம் யோசித்தான். "சரி விடு மச்சான். விளையாட்டிலை நடக்கிறதுதானே," என்றான்.

அப்பாடா, முடிந்தது என்று நிருஷன் சாய்ந்து இருந்தான். ஒரு நிமிடம் போயிருக்காது.

"எத்தினை எத்தினை? எனக்கு என்ன நடந்தது? ஆர் அடிச்சது?"

நிருஷன் திடுக்கிட்டுப் போனான். "இப்பதானே சொன்னனான்?"

"அவருக்கு மனதிலை நிக்காது அண்ணை," என்றாள் மதுஷா. "மூளை குலுங்கினால் இப்பிடித்தான். திரும்பத் திரும்பக் கேப்பார். ஒவ்வொரு தரமும் அவருக்குப் புதுசு."

திரும்பவும் சொன்னான். நான்தான், ஆனால் பந்துக்குத்தான் வந்தனான். நிர்மலன் அதே அளவு நேரம் யோசித்தான், அதே குரலில், "சரி விடு மச்சான். விளையாட்டிலை நடக்கிறதுதானே," என்றான். மானிப்பாய் வருவதற்குள் ஐந்து தரம். ஐந்து தரமும் அதே மன்னிப்பு, கொஞ்சமும் குறையாமல். இப்படி ஒரு பெடியனைப் பெற்ற வயிறு வாழ்க என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. நினைவு நிற்கிற நாங்கள் ஒரு தரம் மன்னிக்கவே எத்தனை யோசிக்கிறோம்.

ஆறாம் தரம் நிருஷன் நடுவரை விட்டுவிட்டான். நடுவரில் பிழை இல்லை என்று அவனுக்கே தெரியும். எட்டாம் தரம், "நீ தலையைத் தந்தனி" என்பதை விட்டான். ஒரே பொய்யை ஒரே ஆளின் முகத்தைப் பார்த்து எத்தனை தரம்தான் சொல்லலாம்? பத்தாம் தரம் யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரி வாசலில் ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, "நான்தான், முழங்கையாலை," என்று மட்டும் சொன்னான். ஸ்கான் அறைக்கு வெளியே கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஸ்கானிலிருந்து வெளியே வந்ததும் பதினான்கு. வாட்டில் கட்டிலுக்கு மாற்றியதும் பதினைந்து, பதினாறு. "எத்தினை எத்தினை? எனக்கு என்ன நடந்தது? ஆர் அடிச்சது?"

பதினேழாம் தரம் நிருஷன் கட்டிலோரம் குனிந்து சொன்னான். "நான்தான் மச்சான். நீ மூண்டு தரம் என்னைக் கடந்து போனனி. சனம் சிரிச்சது. எனக்கு விசர் வந்திட்டுது. நான் பந்தைப் பாக்கவே இல்லை, உன்னைத்தான் பாத்தனான்."

இந்தத் தரம் நிர்மலன் உடனே விடவில்லை. அவனை வடிவாகப் பார்த்தான். மேலிருந்து கீழே பார்த்து, "நீ செம்பரிதி நிருஷன் எல்லே? ஏன்ரா ஆஸ்பத்திரிக்குள்ளை சப்பாத்தோடை நிக்கிறாய்?" என்றான். மதுஷா வந்து விரலைக் காட்டி எண்ணச் சொன்னாள், கிழமையைக் கேட்டாள். எல்லாம் சரியாகச் சொன்னான். அதற்குப் பிறகு அவன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் டொக்டர் வந்தார். ரிப்போர்ட் வந்துவிட்டது, மண்டைக்குள் இரத்தக் கசிவு இல்லை. ஆனால் விடியும் மட்டும் கண்காணிக்க வேண்டும், மணிக்கொரு தரம் தட்டிப் பேர் கேட்க வேண்டும், ஆறு கிழமைக்குப் பந்தைத் தொடக்கூடாது. மதுஷாவின் போனும் அப்போதுதான் அடித்தது. குகதாசன். அவள் போனை நிருஷனிடம் நீட்டினாள்.

"மச்சான் நிருஷன்! தண்ட உதையிலை வெண்டிட்டம்! உனக்கு வான் அனுப்பியிருக்கிறன், கெதியா வா. உன்ரை மாலை இஞ்சை காத்துக்கிடக்கு."

"ரிப்போர்ட் வந்திட்டுது அண்ணை. இனி நீங்கள் போகலாம், சட்டப்படி முடிஞ்சுது," என்றாள் மதுஷா.

நிருஷன் நிர்மலனின் தோளில் தட்டிவிட்டு வாட் வாசலுக்கு நடந்தான். அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு அம்மா ஓடி வந்தார். கொடிகாமம் சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருக்கிற கமலாவதி, நிர்மலனின் தாய். சந்தையில் நின்ற சீலையோடேயே ஓட்டோ பிடித்து வந்திருந்தார். மகனின் முகத்தை இரண்டு கையாலும் தடவி, அழுது, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அழுகை நின்ற கையோடு கோபம் வந்துவிட்டது.

"ஆர் உன்னை அடிச்சது? பேரைச் சொல்லு. கழுத்தைத் திருகிப்போட்டுத்தான் மற்றக் கதை."

நிர்மலன் வாசலைப் பார்த்தான். நிருஷன் அங்கே நின்றான். நிர்மலனுக்கு இப்போது எல்லாம் நல்ல நினைவு, ஒன்றும் மறக்கவில்லை.

"ஒருத்தரும் அடிக்கேல்லை அம்மா. கோல் கம்பத்திலை நானே போய் மோதிட்டன்."

"அப்ப உந்தத் தம்பி ஆர்?"

"எதிர் டீம்காரன் அம்மா. உவன்தான் என்னோடை அம்புலன்சிலை வந்தவன். இவ்வளவு நேரமும் பக்கத்திலேயே நிண்டவன்."

கமலாவதி வாசலுக்கு வந்து நிருஷனின் கையைப் பிடித்தார். மண்ணும் மரக்கறிக் கறையும் படிந்த, வேலை செய்து காய்ந்த கை அவருடையது. "மகனே, நீர் ஆர் பெத்த பிள்ளையோ தெரியாது. எதிர்க்கன்னைக்கு விளையாட வந்த பிள்ளை, விளையாட்டையும் விட்டிட்டு என்ரை பிள்ளையோடை வந்திருக்கிறீர். நீர் நல்லா இருக்க வேணும்."

வெளியே வான் ஹோர்ன் அடித்தது. சட்டம் முடிந்துவிட்டது. தேவமலர் ரீச்சர் அங்கே இல்லை. அடிபட்டவனே விடுவித்துவிட்டான். பதினேழு தரமும் அவன் சொன்னது, கேட்ட உடனே மறந்து போகிறவன் என்று நினைத்த ஆளிடம். இந்த மனுசி சாகும் மட்டும் மறக்காது. ஓம் அம்மா என்று தலையை ஆட்டிவிட்டு இரண்டு எட்டு வைத்தால் போதும், மாலை, வெற்றிக்கிண்ணம், படம் எல்லாம் இருக்கிறது.

நிருஷன் கையை இழுக்கவில்லை.

"நான்தான் அம்மா அடிச்சனான். முழங்கையாலை. பந்துக்கு வரேல்லை, ஆளுக்குத்தான் வந்தனான்."

சபாஷ் என்று நான் இங்கிருந்து கத்துவேன். அங்கே ஒருத்தரும் கத்தவில்லை. கமலாவதி பிடித்த கையை விட்டார். அடிக்கப் போகிறார் என்று மதுஷா குறுக்கே வந்தாள். அவர் அடிக்கவில்லை.

"இவனுக்கு முதல் எத்தினை பேருக்கு இப்பிடிச் செய்தனி?"

"நாலு பேர்."

"அந்த நாலு பேரின்ரை தாய்மாருக்கும் போய்ச் சொன்னனியோ?"

"இல்லை அம்மா."

"சொல்லு. நாளைக்கே போய்ச் சொல்லு." குரல் உடைந்து, திரும்பவும் உறுதிப்பட்டது. "டொக்டர் என்ன சொன்னவர்?"

நிருஷன் சொன்னான். விடியும் மட்டும் கண்காணிக்க வேணுமாம், மணிக்கொருக்கால் பேர் கேக்க வேணுமாம். கமலாவதி கட்டிலோரம் கிடந்த கதிரையைக் காட்டினார்.

"உதிலை இரு. நான் டொக்டரோடை கதைச்சிட்டு வாறன். நான் வரும் மட்டும் இவனிலை வைச்ச கண்ணை எடுக்கக்கூடாது. விளங்கிச்சோ?"

விடுவிடென்று போய்விட்டார். பெற்ற பிள்ளையை, அடித்தவன் கையிலேயே விட்டுவிட்டு. நிருஷன் கதிரையை நிர்மலனின் முகம் தெரிகிற பக்கமாக இழுத்துப் போட்டான். வெளியே வான் இன்னும் இரண்டு தரம் ஹோர்ன் அடித்துவிட்டுத் திரும்பிப் போனது.

"விசரா," என்றான் நிர்மலன், கண்ணை மூடியபடி. "நான் உன்னைத் தப்ப விட்டனான் எல்லே. அம்மாவிட்டை ஏன்ரா சொன்னனி?"

"அலட்டாதை. உன்ரை பேரைச் சொல்லு."

நிர்மலன் தன் பேரைச் சொன்னான்.