இறங்காத பாட்டில்

பத்துக் கட்டில் போட்ட வார்டில் அன்று பதினான்கு குழந்தைகள் இருந்தன. காலை ஏழு மணியிலிருந்து நர்ஸ் ஞானகுமாரி ஒவ்வொரு குழந்தையாக மூக்கைச் சுத்தம் செய்துகொண்டு வந்தாள். உப்புத் தண்ணீரை இரண்டு சொட்டு விட்டு, ரப்பர் குமிழால் சளியை உறிஞ்சிக் கிண்ணத்தில் பீச்சினாள். மார்கழி பிறந்ததிலிருந்து பூந்தமல்லியைச் சுற்றியிருந்த கைக்குழந்தைகளில் பாதிக்கு இருமலும் இழுப்பும். வந்த குழந்தைக்கெல்லாம் அந்த ஆஸ்பத்திரியில் ஒரே வைத்தியம்தான். முதலில் எக்ஸ்ரே, பிறகு டிரிப்ஸ், எட்டு மணி நேரத்துக்கு ஒருதரம் ஊசி. ஐந்து நாள்.

ஆறாம் கட்டிலில் சுசீலா ஏழு மாதப் பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாரிவாக்கத்துக்காரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் நட்டுகளைத் தரம் பிரிக்கிற வேலை. புருஷன் கஜபதிக்கு அதே எஸ்டேட்டில் வார்ப்படப் பட்டறையில் வேலை. குழந்தையைச் சேர்த்து இது மூன்றாம் நாள். இரண்டு புறங்கையும் ஒரு பாதமும் ஊசி குத்திக் கன்றிப்போயிருந்தன. கடைசியாக ஊசி நின்ற இடது பாதம் விடியற்காலையில் வீங்கிவிட்டதால், நைட் டியூட்டிக்காரி டிரிப்ஸைக் கழற்றிவிட்டுப் போயிருந்தாள். பாதிப் பாட்டில் கம்பியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

ஞானகுமாரி குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணினாள். முப்பத்தெட்டு. சேர்த்த அன்று எழுபதுக்குப் பக்கம் இருந்தது. விலா உள்ளே இழுக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. பால் குடிக்கிறதா என்று கேட்டாள். விடிந்ததிலிருந்து மூன்று தரம் குடித்துவிட்டது, துணியும் நனைத்துவிட்டது என்று சுசீலா சொன்னாள். குழந்தை ஞானகுமாரியின் கடிகாரத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்துச் சிரித்தது.

டாக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். இன்னொரு நரம்பு பார்த்துப் பாட்டிலைப் போடுங்கள், ஊசியையும் நிறுத்தக்கூடாது என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

எழும்பூரில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்த வருஷம், அங்கிருந்த வயதான டாக்டரம்மா ஒருத்தி சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. இந்த வயசில் வருகிற இந்தச் சளி தானாக ஏறும், தானாக இறங்கும். குழந்தை பால் குடிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள், அதுதான் வைத்தியம் என்பாள். ஞானகுமாரி ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு ஆறாம் கட்டிலுக்குப் போனாள். குழந்தையின் வலது பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தட்டை மூடினாள். பால் கொடுத்துக்கொண்டே இருக்கும்படி சுசீலாவிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். சார்ட்டில் காலைக் கட்டத்தையும் மத்தியானக் கட்டத்தையும் வெறுமையாகவே விட்டாள். போடாத ஊசிக்குக் கையெழுத்துப் போட அவளுக்கு மனம் வரவில்லை. இடையில் நாலு தரம் வந்து மூச்சை எண்ணிவிட்டுப் போனாள்.

நாலு மணிக்குக் கஜபதி பட்டறையிலிருந்து நேராக வந்தான். கைகளில் கரி போகவில்லை. கம்பியில் தொங்கிய பாட்டிலைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

"இன்னா சிஸ்டர், பாட்டிலு எறங்கலயே?"

குழந்தைக்குத் தேவைப்படவில்லை, நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னாள். அவன் குழந்தையைப் பார்க்கவில்லை. பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மொத புள்ளைக்கும் இப்டிதான் இஸ்துச்சு சிஸ்டர். சளிதான, சரியா பூடும்னு ஊட்லயே பாத்துகினு இருந்தேன். ஆட்டோல தூக்கினு போவசொல்லோ கோயம்பேடு தாண்டல."

சுசீலா குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு டாக்டர் வந்ததும் கஜபதி அவர் அறை வாசலில் போய் நின்றான். குறை சொல்லப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் பாட்டில் தீர்ந்துபோயிருந்தால் வெளியே வாங்கி வரட்டுமா என்று கேட்கத்தான் போனான்.

டாக்டர் சார்ட்டை வரவழைத்துப் பார்த்தார். ஞானகுமாரியைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை.

"ஒண்ணும் செய்யாம சும்மா வெச்சிருக்கறதுக்கா இங்க வர்றாங்க? நான் ஊசி போடலேன்னா அடுத்த தெருவுல போய்ப் போட்டுப்பாங்க."

"பாப்பா நல்லா பால் குடிக்குது டாக்டர். மூச்சு முப்பத்தெட்டுதான். நீங்க ஒரு தடவ வந்து பாருங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகலாம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். ஞானகுமாரியின் புருஷன் வேலை பார்த்த கம்பெனியைப் பூட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதைச் சொல்லலாமா என்று யோசித்தாள். கோட்டை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

ஆவடி பஸ்ஸுக்குக் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் ஆகியும் பஸ் வரவில்லை. சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கஜபதி லாரிகளுக்கு நடுவே ஓடி வந்தான்.

"சிஸ்டர், அந்தப் புது நர்ஸ் பொண்ணு ஆறு வாட்டி குத்திட்ச்சு. நரம்பே கெடைக்கல. கொயந்த கத்திக் கத்தி நீலமா ஆய்ட்ச்சு. உங்க டூட்டி முடிஞ்சிட்ச்சாம், ஆனா இட்டுகினு வான்னு டாக்டரு சொன்னாரு."

டியூட்டி முடிந்துவிட்டது என்றுதான் அவனிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

"அண்ணே, பாப்பாவுக்குப் பாட்டில் வேணாம். சத்தியமா சொல்றேன். ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க. மூச்சு வாங்குனா மட்டும் எழும்பூருக்குக் கொண்டு போங்க."

கஜபதி இரண்டு கையையும் கூப்பினான். "அப்டி சொல்லாத சிஸ்டர். இன்னொரு வாட்டி என்னால முடியாது."

ஆவடி பஸ் வந்து நின்றது. கூட்டம் ஏறியது. அவள் போகவில்லையென்றால் அந்தப் பெண் ஏழாவது தரமும் எட்டாவது தரமும் குத்துவாள். ஞானகுமாரி சாலையைக் கடந்து அவன் பின்னால் நடந்தாள்.

வார்டில் குழந்தையைத் துணியில் கை கால் அசையாமல் சுற்றிச் சுசீலாவின் மடியில் வைத்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் லோகநாயகி ஊசியும் கையுமாக அழுகிற நிலையில் நின்றாள். ஞானகுமாரி கை கழுவிக்கொண்டாள். பிளேடால் காதுக்கு மேலே கொஞ்சம் முடியை மழித்தாள். தோலை இழுத்துப் பிடித்து, விரலால் தடவி, ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தாள். டியூபில் ரத்தம் எட்டிப் பார்த்தது. பிளாஸ்திரி ஒட்டினாள். பாட்டில் சொட்டத் தொடங்கியது.

வாசல்படியில் நின்றிருந்த டாக்டர் லோகநாயகியிடம் சொன்னார்: "பாத்தியா? இப்படித்தான் போடணும். கத்துக்கோ."

கஜபதி சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தான். "நீதான் சிஸ்டர் காப்பாத்துன" என்றான். ஞானகுமாரி பஞ்சையும் பிளேடையும் தட்டில் எடுத்து வைத்தாள்.

குழந்தை அழுது ஓய்ந்து, வாயைத் திறந்து தாய்ப் பக்கம் திரும்பியது. தலை அசைந்தால் ஊசி விலகிவிடும் என்று லோகநாயகி அதை மடியிலிருந்து வாங்கிக் கட்டிலில் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் துணியை மடித்து முட்டுக் கொடுத்தாள். குழந்தை வெறும் வாயைச் சப்பியது. சுசீலா அதைப் பார்த்தபடி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் ரவிக்கையில் பால் கசிந்து, இரண்டு பக்கமும் ஈரம் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.