புத்தகம் கேட்ட கப்பல்

றம்லத் ஃபோனில் கோல் எடுத்தபோது நான் கடையின் பின்பக்க ஸ்டோரில் பெயின்ட் வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கண்டி டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஸ்டோர் கீப்பர் வேலை. பெயரில்தான் கீப்பர். தூக்குவதும் நான்தான், இறக்குவதும் நான்தான். முழங்கால் இரண்டும் எனக்கு முன்னாலேயே பென்ஷனுக்குப் போய்விட்டன.

“லெட்சுமணன் அண்ணன், போயாவுக்கு கடை லீவு தானே? ஊட்டுக்கு ஒருக்கா வந்துட்டுப் போங்களே. இவர் ஒங்களக் கேட்டுட்டே ஈக்கிறார்” என்றாள்.

றம்லத் பளீலின் மனைவி. பளீலும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். போன வருடக் கடைசியில் அவனுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் பாதி போய்விட்டது.

“வர்றேன் தங்கச்சி” என்றேன். ஊரில் எல்லோருக்கும் சொல்கிற அதே ‘வர்றேன்’தான். போகிற உத்தேசம் எதுவும் இல்லை.

“வரக்குள்ள அந்தக் கேம் புக்கையும் எடுத்துட்டு வரச் சொன்னார். கட்டாயமாம்.”

எனக்குச் சுருக்கென்றது. கை கால் விழுந்து படுக்கையில் கிடக்கிறவனும் என்னைக் கூப்பிடவில்லை, புத்தகத்தைத்தான் கூப்பிடுகிறான். வாளியை வைத்த வேகத்தில் மூடி கழன்றுகொண்டது.

அந்தப் புத்தகத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, கட்டுகஸ்தோட்டையில் பளீலின் வீட்டுக்கு ஒரு கம்பியூட்டர் வந்தது. அவனுடைய வாப்பா ஹலீம் ஹாஜியாருக்குப் பாலத்துக்குப் பக்கத்தில் துணிக்கடை. ஜித்தாவில் இருந்த மாமா ஒரு கேமைப் பெட்டியோடு அனுப்பியிருந்தார். உள்ளே பிளொப்பி டிஸ்க்குகள், கூடவே தடிப்பான ஓர் இங்கிலீஷ் கையேடு. கப்பல் கேம். ஒரு சின்னக் கப்பலோடு தொடங்கி, துறைமுகம் துறைமுகமாகப் போய், மிளகும் கறுவாவும் வாங்கி விற்று, கொள்ளைக்காரனிடம் தப்பிப் பெரிய வியாபாரியாக வேண்டும்.

அந்தக் காலத்துக் கேம்களுக்கு ஒரு பூட்டு இருந்தது. டிஸ்க்கைக் களவாகக் கொப்பி அடித்து யாரும் விளையாடக் கூடாது என்பதற்காக, தொடங்கும்போதே திரையில் ஒரு கேள்வி வரும். கையேட்டில் இன்ன பக்கம், இன்ன வரி, இத்தனையாவது சொல் என்ன? அதைச் சரியாக அடித்தால் கப்பல் புறப்படும். பிழையாக அடித்தால் திரை கறுத்துப்போகும். அடுத்த தடவை வேறு பக்கம், வேறு வரி. புத்தகத்தை ஃபோட்டோ கொப்பி எடுக்கவும் வழியில்லை. கடும் சிவப்புத் தாளில் கறுப்பு எழுத்து. கொப்பி எடுத்தால் அடுப்புக்கரி மாதிரி வரும்.

ஹாஜியார் பலே ஆள். மகனின் மார்க்ஸ் இறங்கியதைப் பார்த்தார். ஏசவில்லை, கம்பியூட்டரைத் தூக்கி ஒளிக்கவும் இல்லை. ரியூசன் முடிந்து நான் அவனோடு வந்த ஒரு சனிக்கிழமை, கையேட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“நீ வச்சிக்கோ மகன். சனிக்கிழமைல மட்டும் கொண்டு வா. மத்த நாள்ல இவன் அழுதாலும் குடுத்துராத.”

அன்றிலிருந்து சனிக்கிழமை எனக்காகத்தான் விடிந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி நான். மஹய்யாவையில் எங்கள் வீடு ஒற்றை அறை. அப்பா மாநகர சபையில் குப்பை லொறியில் வேலை செய்தார். அதுவரை பளீலின் வீட்டு வாசலோடு நின்று திரும்புகிறவன், இப்போது மேசைக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தைத் திறந்து, வரியை விரலால் எண்ணி, சொல்லை நான் சொன்னால்தான் அவன் அடிக்கலாம். அவனுடைய உம்மா தட்டில் வட்டலப்பம் கொண்டுவந்து வைப்பார்.

எங்கள் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “கூப்புடுறாங்கன்னு ரொம்ப ஆடாத. அவுங்க கூப்புடுறது ஒன்னைய இல்ல, அந்தப் பொஸ்தகத்த” என்றார் ஒரு நாள். சோற்றுக்குள் கல் கடிபட்ட மாதிரி இருந்தது. அம்மா கெட்டவர் இல்லை. உலகம் தன்னிடம் நடந்துகொண்டதை வைத்துச் சொன்னார். நான் அதை நம்பினேன். நம்பியதால்தான் புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். டிஸ்க்கில் பூஞ்சணம் பிடித்தது. கம்பியூட்டர் செத்தது. ஹாஜியார் மௌத்தானார். பளீல் சவூதிக்குப் போய்த் திரும்பி வந்து வாப்பாவின் கடையில் உட்கார்ந்தான். கல்யாண வீடுகளில் கண்டால் கட்டிப்பிடித்துக்கொள்வோம், அவ்வளவுதான். புத்தகத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. பிஸ்கட் டின்னில் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்திருந்தேன்.

வேலை முடிந்து உடம்பு நொந்து வருகிற சில நாட்களில் அதை எடுத்துப் படிப்பேன். துறைமுகங்களின் படங்கள் இருக்கும். எந்த ஊரில் என்ன சரக்கு மலிவு என்று இருக்கும். புயலில் மாட்டினால் பாயை இறக்கு, சரக்கைக் கடலில் தள்ளு, கப்பலைக் காப்பாற்று என்று ஒரு பந்தி இருக்கும். என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அவ்வளவு தெளிவாகப் புத்தி சொன்னதில்லை. கேமை விட எனக்கு அந்தப் புத்தகத்தில்தான் ஆசை.

“கேமும் இல்ல, கம்பியூட்டரும் இல்ல. இத வச்சிக்கிட்டு என்னாங்க செய்யப் போறீங்க?” என்று யசோதினி கல்யாணமாகி வந்த முதல் வாரமே கேட்டாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் வீடு கழுவும்போது அவள் டின்னை வெளியே வைப்பாள், நான் உள்ளே வைப்பேன். எங்களுக்குள் பெரிய சண்டை என்று சொன்னால் அது ஒன்றுதான்.

ஸ்ட்ரோக் வந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போயிருந்தேன். கட்டிலைச் சுற்றி அவனுடைய சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். நான் கால்மாட்டில் நின்றேன். அவன் கண் மூடியிருந்தது. தோடம்பழப் பையை யாரிடம் கொடுப்பது என்றுகூடத் தெரியவில்லை. ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு போகவில்லை. நாளைக்கு, அடுத்த கிழமைக்கு என்று தள்ளினேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி ஆனது. அங்கே போய் நான் என்ன செய்ய? எனக்கு ஒரு வேலை இல்லாத இடத்தில் எப்படி நிற்பது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது புத்தகம் கேட்டதால் வேலை வந்துவிட்டது. கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே கதிரையில் ஏறி டின்னை இறக்கினேன். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. நெம்பித் திறந்ததும் புளித்த வாடை அடித்தது.

போன மழைக்குக் கூரை ஒழுகியது, அலுமாரிக்கு மேல் இருந்த துணிகளை யசோதினி காய வைத்தாள். டின்னுக்குள் தண்ணீர் இறங்கியது யாருக்கும் தெரியாது. புத்தகம் நனைந்து, தானே காய்ந்து, செங்கல் மாதிரி ஒட்டிப்போயிருந்தது. அட்டையும் முதல் சில பக்கங்களும் பிரிந்தன. மிச்சத்தை நகத்தால் கிளப்பினால் எழுத்து எதிர்ப்பக்கத்தோடு உரிந்து வந்தது. பின்பக்கத்தைப் பூச்சி தின்றிருந்தது.

நான் கதிரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். யசோதினி எட்டிப் பார்த்தாள். குப்பை என்று சொல்வாள் என்று நினைத்தேன், சொல்லவில்லை. “போகாம இருந்துறாதீங்க” என்றாள்.

“இது இல்லாம அங்க போயி நான் யாரு?” என்றேன். வாயில் வந்துவிட்டது. அவள் சோறு போடப் போனாள்.

மாதா மாதம் பௌர்ணமிக்கு வருகிற அந்தப் போயா லீவன்று மழை தூறிக்கொண்டிருந்தது. புத்தகத்தை சொப்பிங் பேக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். புத்தரைக் கும்பிடப் பன்சலைக்குப் போகிற வெள்ளை உடுப்புக் கூட்டத்துக்கு நடுவில் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். பாலம் வருகிறவரை, இறங்காமல் இப்படியே போய்விடலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். இறங்கிவிட்டேன்.

பளீல் முன் அறையில் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பாதி உடம்பாகிவிட்டான். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைக் கண்டதும் இடது கையைத் தூக்கினான். “லெச்சு” என்றான். அந்த ஒரு சொல்லுக்கே மூச்சு வாங்கினான்.

கட்டிலுக்கு முன்னால் ஒரு சின்ன மேசை, அதில் லேப்டாப். “அந்தக் கேம பஹீம் தம்பி எங்கயோ தேடிப் போட்டுக் குடுத்தீக்கார்” என்றாள் றம்லத். பஹீம், பளீலின் தம்பி. “இவர் இன்னும் தொறக்கவே இல்ல அண்ணன். ஒங்களப் பாத்துட்டே ஈந்தார். நான் டீ போட்டுட்டு வாறேன்.”

பளீல் கேமைத் தட்டினான். அதே நீலத் திரை. அதே கட்டம் கட்டமான எழுத்து. முப்பது வருடத்துக்குப் பிறகும் அதே கேள்வி. முப்பத்தோராம் பக்கம், ஆறாவது வரி, நாலாவது சொல்.

நான் பையைப் பிரித்தேன். முப்பத்தோராம் பக்கம் அந்தச் செங்கலுக்குள் எங்கேயோ இருந்தது. பார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

“கண்ணாடி கொண்டுட்டு வரல்ல மச்சான்” என்றேன்.

“என்ட கண்ணாடி ஈக்கி அண்ணன், தரட்டா?” என்று குசினியிலிருந்து றம்லத் கேட்டாள். நல்ல மனுஷிகள்தான் நம்மைக் கூடுதலாக மாட்டிவிடுகிறார்கள். நகத்தைக் கொடுத்து மெல்லக் கிளப்பினேன். சிவப்புத் தாள் சதை மாதிரிக் கிழிந்தது. இனி நடிக்க முடியாது என்று தெரிந்தது.

“புக் போச்சுடா” என்றேன். “மழத்தண்ணி எறங்கிருச்சு. நான் பாக்காம விட்டுட்டேன். ஒன்னும் பாக்க ஏலாது.” ஹாஜியார் இருந்து என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

பளீல் புத்தகத்தைப் பார்க்கவேயில்லை. திரையைப் பார்த்தபடி, நாக்கைப் புரட்டிப் புரட்டி ஒரு சொல்லைச் சொன்னான்.

“பெ... ரல்.”

எனக்கு விளங்கவில்லை. அவனே இடது கையின் ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தான். பீப்பாய் என்பதற்கான இங்கிலீஷ் சொல். திரை விலகியது. கிணிகிணி என்று அந்தப் பழைய பாட்டு வந்தது. கப்பல் துறைமுகத்தில் நின்றது.

குருட்டு யோகமாக இருக்கும் என்று நினைத்தேன். கேமை மூடித் திரும்பத் திறந்தேன். பன்னிரண்டாம் பக்கம், இரண்டாவது வரி. சொன்னான். கப்பல் வந்தது. மறுபடி மூடினேன். வேறு பக்கம். அதையும் சொன்னான். சொல்லிவிட்டு, வாயின் நல்ல பக்கத்தால் சிரித்தான். சின்ன வயதில் கேமில் என் சரக்கைக் களவெடுக்கும்போது சிரிக்கிற அதே சிரிப்பு.

“எப்போ இருந்துடா தெரியும்?”

“அப்பவே.” மூச்சு வாங்கினான். “அதே கேள்விதான்... சுத்திச் சுத்தி வரும். ரெண்டு மூனு... மாசத்துல... பாடமாயிட்டு.”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அத்தனை சனிக்கிழமைகள். எங்கள் வீட்டில் நான் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக் காவல் காத்தேன். இவன் இங்கே கிழமை நாள் முழுவதும் நினைத்த நேரம் விளையாடியிருக்கலாம். வாப்பா கடைக்குப் போனதும் தட்டினால் போதும். அந்தப் பூட்டுக்கான திறப்பு முழுவதையும் தலைக்குள் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை வரும்வரை பொத்திக்கொண்டு இருந்திருக்கிறான். நான் விரலால் வரியை எண்ணிச் சொல்லும்வரை தெரியாதவன் மாதிரிக் காத்திருந்திருக்கிறான்.

“தெரிஞ்சா வெளாட வேண்டியதுதானே? என்னைய எதுக்குடா கூப்புட்டே?”

“தனியாவா?” என்றான். நான் ஏதோ பைத்தியக்காரக் கேள்வி கேட்டுவிட்ட மாதிரிப் பார்த்தான்.

அம்மா சொன்னது பிழை. அதை அம்மாவிடம் சொல்ல முடியாது, போய்ச் சேர்ந்துவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மகாவலி கலங்கிப் போய்க்கொண்டிருந்தது. அழுதேன். மூடி மறைக்க அதில் ஒன்றும் இல்லை.

றம்லத் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுப் போனாள். நாங்கள் விளையாடினோம். அவன் இடது கையால் அம்புக்குறியை அழுத்தினான். எந்த ஊரில் மிளகு வாங்கலாம் என்று நான் சொன்னேன். முதல் புயலிலேயே கப்பலைத் தாழ்த்தினோம். அவன் களைத்துத் தலையணையில் சாய்ந்தபோது நான் எழுந்தேன்.

புத்தகத்தை லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். “ஒன்ட சாமான் மச்சான். இனி எனக்கு எதுக்கு” என்றேன்.

பளீல் இடது கையால் அதை என் பக்கம் தள்ளினான். அது மேசை விளிம்பில் வந்து நின்றது. இன்னும் ஒரு தடவை தள்ளினான். நான் பிடித்துக்கொண்டேன்.

“கொண்டு போ” என்றான். “சும்மா வரச் சொன்னா... நீ வர மாட்டே.”

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். “ஆறு மாசம்... பாத்துட்டுத்தான்... புக்கக் கேட்டேன்.”

நான் அந்தச் செங்கலைத் திரும்பவும் சொப்பிங் பேக்கில் சுற்றினேன்.

“அடுத்த போயாவுக்குக் கொண்டு வர்றேன்” என்றேன்.