தூணுக்கு அந்தப் பக்கம்

நண்டுவுக்கு ஆறு வயது. உயரத்தைப் பார்ப்பவர்கள் எட்டு என்பார்கள். பேருந்தில் நடத்துநர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தால் போதும், அவள் அம்மா, அதாவது என் அக்கா, மகளின் பிறந்த தேதியை ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவாள். நண்டு அவளுடைய பெயர் இல்லை. கட்டிலுக்கு அடியில் நுழைந்தால் பக்கவாட்டில்தான் வெளியே வருவாள் என்று அவள் அப்பா, என் மாமா, அப்படிக் கூப்பிடப் போய், அதுவே நிலைத்துவிட்டது.

அந்த வாரம் நண்டு வாத்தாக மாறியிருந்தாள். பள்ளியில் அவள் வகுப்புக் குழந்தைகள் எல்லோரும் மேடையில் வாத்துப் பாட்டுப் பாடப்போகிறார்கள். டீச்சர் போனில் அனுப்பியிருந்த குரலை அக்கா அடுப்படியில் வைத்து எங்களுக்குப் போட்டுக் காட்டினாள். "மஞ்சள் கலர்ல எது இருந்தாலும் போதும். புள்ளைங்க உக்காந்து எந்திரிக்க வசதியா இருக்கணும், அவ்வளவுதான்."

உக்காந்து எந்திரிப்பதில் நண்டு ஏற்கெனவே தேறியிருந்தாள். குத்துக்காலிட்டு, முழங்கைகளை மடக்கிச் சிறகாக்கி, அடுப்படியிலிருந்து குளியலறை வரை ஆடி ஆடிப் போவாள். முதலில் அவள் வயிறு போகும். பின்னால் அவள் போவாள். அந்த வயிற்றின் மேல் அவளுக்கு அத்தனை பெருமை. சாப்பிட்டு முடித்ததும் சட்டையைத் தூக்கி, "தட்டிப் பாருங்க, தொம்முனு கேக்கும்" என்று தண்ணீர் கேன் கொண்டுவருபவரிடம்கூடக் காட்டுவாள். நான் படிக்கும் தூர தேசத்துக் கதைகளில் பெரிய மனிதர்கள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வீதியில் நடப்பார்கள், கடைக்காரர்கள் தொப்பியைத் தூக்குவார்கள். எங்கள் வீட்டு நடையில் நண்டு போகும்போது எனக்குத் தொப்பி இல்லையே என்றிருக்கும்.

எங்கள் வீட்டில் துணி வாங்குவதற்கு ஒரு சட்டம் உண்டு. எந்த வயதோ அதைவிட இரண்டு வயது பெரிதாக வாங்க வேண்டும். "வளர்ற புள்ள" என்பாள் அக்கா. பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காரும் சம்பளமும், மாமா வேன் ஓட்டிக் கொண்டுவரும் சம்பளமும் சேர்ந்து போட்ட சட்டம் அது. "மொத வருஷம் அவ சட்டைக்குள்ள குடியிருப்பா. ரெண்டாவது வருஷம் சட்டை அவ மேல குடியிருக்கும்" என்பார் மாமா. அதற்கும் அடுத்த வருஷம் அது பிடிதுணியாகிவிடும். எங்கள் அடுப்படியில் தொங்கும் பிடிதுணிகளைப் பார்த்தாலே நண்டு வளர்ந்த கதை தெரியும். யானை போட்டது, பலூன் போட்டது, தர்பூசணி போட்டது.

சனிக்கிழமை மதியம் அக்கா, நண்டு, நான் மூன்று பேரும் கிளம்பினோம். போகிற வழியில் கண்ணாடி போட்ட சின்னக் கடை ஒன்றில் மஞ்சள் பருத்திச் சட்டை ஒன்று தொங்கியது. கை வைத்தது, முட்டிக்குக் கீழே வருவது, இரண்டு பக்கமும் பாக்கெட். வேறொன்றும் கிடையாது. அக்கா உள்ளே போய் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல அதைப் பழையபடி மாட்டினாள்.

"பூ இல்ல, பாசி இல்ல, ஒரு படம்கூட இல்ல. ஒண்ணுமே இல்லாததுக்கா இந்த விலை?" என்றாள்.

"சிம்பிளா இருக்குல்ல மேடம், அதான்" என்றாள் கடைப்பெண்.

வெளியே வந்ததும் அக்கா, "சாதாரணமா இருக்குறதுக்கே வசதி வேணும்போல" என்றாள். அப்போது அவளுக்குக் கோபம் வரவில்லை. சிரித்தாள்.

பிறகு நாங்கள் எப்போதும் போகும் பெரிய கடைக்குப் போனோம். பெண் குழந்தைகள் பகுதி மேல்மாடியில். நடுவே நான்கு பக்கமும் கண்ணாடி பதித்த ஒரு தூண் நிற்கும். தூணுக்கு இந்தப் பக்கம் ஆறு வயது வரைக்கும் உள்ள துணிகள். அந்தப் பக்கம் ஏழிலிருந்து. நண்டுவுக்கு நான்கு வயதில் ஆறு வயதுச் சட்டை வாங்கியபோதுகூட நாங்கள் தூணைத் தாண்டியதில்லை. இந்த முறை சட்டப்படி எட்டு. தாண்டினோம்.

இந்தப் பக்கம் யானையும் பழமும் முயலும் இருந்தன. அந்தப் பக்கம், நாலடி தூரத்தில், எல்லாம் மாறியிருந்தது. சட்டைகளுக்குத் தோள்பட்டையைக் காணவில்லை. கால்சட்டைகளுக்குக் காலைக் காணவில்லை. கீழே இருக்க வேண்டிய துணியை யாரோ எலி மாதிரி கடித்துக்கொண்டு போயிருந்தார்கள். மெல்லிய பனியன் ஒன்றின் முன்பக்கத்தில் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. அக்கா அதைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்ததும் எழும்பியது. மறுபடி அழுத்தினாள். சீட்டில் எட்டு வயது என்று போட்டிருந்தது.

மஞ்சளில் ஒரே ஒரு மேல்சட்டை இருந்தது. தோள் திறந்தது, தொப்புளுக்கு மேலேயே நின்றுவிடுவது, அதற்கு ஒரு குட்டைப் பாவாடையும் உண்டு. முதுகில் மினுமினுப்பாக எழுத்துகள். நண்டு இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றிருந்தாள். எதைக் கண்டாலும் சத்தம் போட்டுப் படிப்பாள்.

"என்... பின்... னால்... வராதே." படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "யாரும்மா பின்னால வர்றாங்க?"

அங்கே நின்ற விற்பனைப் பெண் சிரித்தாள். "போட்டுப் பாருங்க மேடம். ரொம்ப ஓடுது இது."

மினுமினுப்பு என்றால் நண்டு விடுவாளா. போட்டுக்கொண்டுதான் வெளியே வந்தாள். சட்டைக்கும் பாவாடைக்கும் நடுவில் வயிறு வழக்கம்போல முன்னால் வந்து நின்றது. விற்பனைப் பெண் குனிந்து அதில் ஒரு விரலை வைத்தாள். "வயித்த எக்கிக்கோ பாப்பா. இன்னும் கொஞ்சம். ஆங், இப்பப் பாரு, பெரிய பொண்ணு மாதிரி இருக்கே."

நண்டு எக்கினாள். தூணின் கண்ணாடியில் பார்த்தாள். தூணைச் சுற்றிவந்து நான்கு பக்கமும் பார்த்தாள். மூச்சு விடவில்லை.

"மூச்சு விடு நண்டு" என்றேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "விட்டா வயிறு வந்துடும் சித்தி."

அக்கா முகத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். கிளினிக்கில் வலியோடு வந்து கத்துகிறவர்களிடம்கூடக் குரலை உயர்த்தாதவள். காது மட்டும் சிவந்திருந்தது.

"இந்த அளவுல கை வச்சது, வயித்த மூடுறது ஏதாவது இருக்கா?"

"இந்த வயசுக்கு இதான் மேடம் வருது."

"எந்த வயசுக்கு?"

"எட்டு வயசுக்கு."

"எட்டு வயசுப் புள்ளைக்கு என்ன, தோள் வெந்துபோகுதா?"

சத்தம் கேட்டுக் கழுத்தில் அடையாள அட்டை தொங்க சூப்பர்வைசர் வந்தார். பணிவான மனிதர். கைகளைக் கட்டிக்கொண்டு, "கஸ்டமர் கேக்குறதத்தானே மேடம் நாங்க வைக்கிறோம்" என்றார்.

"நான் கஸ்டமர்தானே. நான் கேக்குறேன். வைங்க."

"குழந்தைக்குப் பிடிச்சிருக்கே மேடம். பாருங்க, எவ்வளவு ஆசையா நிக்கிறா."

"அவளுக்கு தீப்பெட்டியும்தான் பிடிக்கும். அதையும் ஹேங்கர்ல மாட்டி வைப்பீங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அந்த அடக்கிய சிரிப்புதான் அக்காவின் கோபத்தை இன்னும் மூட்டியது என்று நினைக்கிறேன். ஆனால் நண்டு இடையில் புகுந்தாள். "எனக்கு இதுதான் வேணும்" என்றாள், மூச்சை இழுத்துப் பிடித்தபடி. இதற்கு அக்கா என்ன சொல்லியிருந்தாலும் தப்பாகப் போயிருக்கும். கூடாது என்றால் அழுவாள். அசிங்கம் என்றால், எது அசிங்கம், சட்டையா வயிறா என்று அவளுக்கு யார் சொல்வது?

அக்கா சாதாரணமாக, "சரி. வாத்து நடந்து காட்டு" என்றாள்.

நண்டு குத்துக்காலிட்டாள். பாவாடை மேலே ஏறியது. ஒரு கையால் பிடித்து இழுத்துவிட்டாள். மற்றக் கையைச் சிறகாக்கினாள். ஓரடி வைத்ததும் தோளிலிருந்து சட்டை நழுவியது. சிறகைக் கலைத்துச் சட்டையைப் பிடித்தாள். பாவாடை ஏறியது. எக்கிய வயிற்றோடு குந்த முடியாமல் முகம் சிவந்தது. எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். பிறகு எழுந்து நின்று, ஏமாற்றப்பட்டவள்போல அந்த மினுமினுப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுல வாத்து வராதும்மா" என்றாள்.

"கழட்டு" என்றாள் அக்கா.

தூணுக்கு இந்தப் பக்கம் வந்து ஆறு வயது மஞ்சளை எடுத்தோம். வாத்தே போட்டது. அது தலையில் மாட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. உள்ளேயிருந்து நண்டு, "இருட்டா இருக்கு" என்றாள். உருவி எடுத்தோம். ஆக, இந்த நாலடி தூரத்தில் எங்கள் குழந்தைக்கு இடம் இல்லை. குழந்தையாக இருக்க அவள் உயரம் கூடிவிட்டது, அவ்வளவுதான்.

வெறுங்கையோடு இறங்கும்போது படிக்கட்டுக்குப் பின்னால் பையன்கள் பகுதி தெரிந்தது. அக்கா அங்கே போய் நின்றாள். நெடுநேரம் நின்றாள். நானும் போய்ப் பார்த்தேன். இரண்டு வயது அளவிலிருந்து பதினான்கு வரை ஒரே நீளக் கம்பி. இந்தக் கோடியில் டைனோசர், லாரி. அந்தக் கோடியிலும் டைனோசர், லாரி. எல்லாவற்றுக்கும் தோள் இருந்தது. எல்லாவற்றுக்கும் பாக்கெட் இருந்தது. நடுவில் தூண் இல்லை.

"பாத்தியா?" என்றாள் அக்கா. "மீசை முளைக்கிற வரைக்கும் இவனுங்க குழந்தைங்க. இவளுக்கு மட்டும் ஆறு வயசோட முடிஞ்சிருது. யாரு முடிவு பண்ணா? எவன்டி உக்காந்து முடிவு பண்ணான்?"

மண் அள்ளும் இயந்திரம் போட்ட மஞ்சள் டி-சர்ட் ஒன்று எட்டு வயது அளவில் கிடைத்தது. அதோடு ஒரு நீலக் கால்சட்டை. இரண்டும் சேர்ந்து அந்த மினுமினுப்பைவிடக் குறைந்த விலை.

பில் போடுபவர் மடித்துக்கொண்டே, "பையனுக்கா மேடம்?" என்றார்.

"வயித்துக்கு" என்றாள் அக்கா.

சட்டை கிடைத்துவிட்டது, வயிறு கிடைக்கவில்லை. பேருந்தில் நண்டு ஜன்னலோரம் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். வீட்டில் சாப்பிட்ட பிறகு மாமா, "எங்க, தொம் கேக்குதா பாப்போம்" என்று கையை நீட்டினார். அவள் சட்டையைக் கீழே இழுத்துக்கொண்டு, "வேணாம்ப்பா, நான் பெரிய பொண்ணு" என்றாள். மாமா நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தட்டை எடுத்தார். அக்கா கழுவுதொட்டியில் பாத்திரங்களைப் போட்ட சத்தம் மேல்வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"என்ன ஆச்சு?" என்றார் மாமா.

"ஒரு விரல வச்சா. ஒரே ஒரு விரல். ஆறு வருஷம் நாம வளத்தத ஒரு விரலால உள்ள தள்ளிட்டா." கொஞ்சம் கழித்து, "அந்த சூப்பர்வைசர குந்தி எந்திரிக்கச் சொல்லியிருக்கணும். வீட்டுக்கு வந்தப்புறம்தான் தோணுது. நல்லதெல்லாம் எனக்கு வீட்டுக்கு வந்தப்புறம்தான் தோணும்" என்றாள்.

பள்ளி விழாவில் நாங்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். வாத்துகள் வரிசையாக மேடைக்கு வந்தன. நண்டு இடுப்புக்குக் கீழே தொங்கும் டி-சர்ட்டில், மண் அள்ளும் இயந்திரத்தைச் சுமந்துகொண்டு, எக்கியபடியே நின்றாள். அக்கா என் கையைப் பிடித்தாள். பாட்டு ஆரம்பித்தது. முதல் வரியில் நண்டுவின் வாய் மட்டும் அசைந்தது. இரண்டாவது வரியில் குவாக் என்று எல்லோரும் கத்த வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு யாராலும் குவாக் சொல்ல முடியாது. அவள் முகத்தில் ஒரு யோசனை ஓடியது. பிறகு வாயைத் திறந்து கத்தினாள். இயந்திரம் முன்னால் வந்தது. அகலமாக, வட்டமாக, வந்து நின்றது. அவள் குந்தி, இரண்டு சிறகையும் விரித்து, ஆடி ஆடி நடந்தாள். மாமா தொடையில் தொம்மென்று தட்டிக்கொண்டார்.

அதன் பிறகுதான் மற்ற வாத்துகளைப் பார்த்தேன். பையன்கள் எல்லோருக்கும் இரண்டு சிறகு. பெண் குழந்தைகளில் பாதிப் பேருக்கு ஒன்றுதான் இருந்தது. இன்னொரு கை கீழே பாவாடையை இழுத்துக்கொண்டிருந்தது, அல்லது தோளில் சட்டையைப் பிடித்திருந்தது. கடைசியில் வாத்துகள் தண்ணீரில் முங்க வேண்டும். எல்லோரும் குப்புற விழுந்து கால்களை உதைத்தார்கள். நண்டுவைவிடவும் உயரமான ஒரு குழந்தை மட்டும் விழவில்லை. இரண்டு கைகளாலும் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு, கீழே நீந்துகிறவர்களைப் பார்த்தபடி நின்றது. அதன் முதுகில் அந்த மினுமினுப்பு எழுத்து இருந்தது. சபையில் யாரோ சிரித்தார்கள்.

அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் எழப் போய், மறுபடி உட்கார்ந்தாள். அவள் குழந்தைதான். "வளர்ற புள்ளைன்னு ரெண்டு வயசு பெருசா எடுத்தேங்க" என்றாள், யாரும் கேட்காமலே. கண் கலங்கியிருந்தது.

"தூணுக்கு அந்தப் பக்கமா?"

அவள் திரும்பி அக்காவைப் பார்த்தாள். தலையசைத்தாள்.

எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா தட்டவில்லை. மேடையில் நின்ற குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"சனிக்கிழமை நான் அந்தக் கடைக்குப் போறேன். அதே பாவாடையில பெரிய அளவு ஒண்ண எடுத்து அந்த மனுஷன் கையில குடுத்து, கட்டிக்கிட்டுக் குந்தி எந்திரிங்கன்னு சொல்லப் போறேன். நீங்களும் வாங்க. இந்தப் பாதிச் சிறகோட எத்தன பேரு நின்னாங்களோ, அத்தன பேரோட அம்மாவையும் கூப்பிடுங்க."