பின்லே கடைக் காசு

ஜேகோ கிழவன் பேங்கை நம்பமாட்டான். காகித நோட்டை அதைவிட நம்பமாட்டான். ஆஸ்திரேலியாவில் தங்கம் தோண்டும் ஊரான பல்லராட்டில் ராணி தலை போட்ட சர்க்கார் சில்லறை கண்ணில் படுவதே அபூர்வம். அதனால் கடைக்காரர்களே ஆளுக்கு ஆள் தங்கள் பேரில் செம்புக்காசு அடித்துப் புழங்கவிட்டார்கள். மளிகைக்கடை பின்லேயின் காசு கனமாக இருந்தது. ஜேகோ தன் வண்டிக்கூலியையெல்லாம் அதிலேயே வாங்கிச் சேர்த்தான். ஏமாற்று வேலைக்கு எவன் இவ்வளவு செம்பைக் கொட்டுவான் என்று அவன் எண்ணம்.

அன்றைக்கு அவன் குதிரை பெஸ் கயிற்றை அறுத்துக்கொண்டு போய் ஊரான் வயலில் வாய் வைத்துவிட்டது. பிடித்துச் சர்க்கார் கொண்டித்தொழுவத்தில் அடைத்துவிட்டார்கள். உச்சிக்குள் அபராதம் கட்டாவிட்டால் ஏலம். பெஸ் போனால் வண்டி போச்சு. வண்டி போனால் ரொட்டி போச்சு.

தொழுவக்காரன் ஹார்ட்டிகன் பையைக் கொட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன பெரியவரே, மளிகைக்கடையையே தூக்கிட்டு வந்துட்டீரா? சர்க்காருக்கு ராணிக்காசுதான்."

ஜேகோ காசை மாற்றிவர ஓடினான். பின்லே கடை பூட்டிக் கிடந்தது.

"விடியறதுக்கு முன்னாடியே ஜீலாங் துறைமுகம் பக்கம் வண்டி கட்டிட்டான். ஓடிட்டான்னு பேச்சு" என்றான் பக்கத்து ரொட்டிக்கடைக்காரன்.

"அப்ப நீயே மாத்திக் குடு. நேத்து இதே காசை வாங்கினியே!"

"நேத்து அவன் கடை திறந்திருந்தது."

ஜேகோ பையைத் தோளில் போட்டுக்கொண்டான். திரும்பித் தொழுவத்துக்கே வந்தான்.

"பின்லே ஓடிட்டானாம். குதிரை மூஞ்சியைப் பாத்துட்டாவது போறேன்."

"ஓடிட்டானா? நான் டீயும் மெழுகுவத்தியும் கடன் வாங்கினதுக்கு நேத்துகூட என் வாசல்ல நின்னு கத்தினானே!"

"ஓடறவன் அப்படித்தான் வசூல் பண்ணுவான்."

ஹார்ட்டிகன் செம்புக்காசுப் பையைப் பார்த்தான். பிறகு தொடையில் தட்டினான்.

"யோவ், அவன் ஓடட்டும், இருக்கட்டும், எனக்கென்ன? நான் அவனுக்குத் தர வேண்டிய கடனுக்கு அவன் அடிச்ச காசையே நீட்டினா, அவனோ அவன் கணக்கைக் கேட்டு வர்றவனோ வேணாம்பானா? பையை இங்க தள்ளும்!"

தன் சட்டைப்பையிலிருந்து அபராதத்துக்கு வெள்ளி ராணிக்காசை எடுத்தான். சர்க்கார் பெட்டிக்குள் அது விழும் சத்தத்தைக் காதால் கேட்ட பிறகுதான் ஜேகோ பையை விட்டான்.

பெஸ் வெளியே வந்தது. கிழவன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"திருட்டுக் கழுதை" என்று பிடரிமயிருக்குள் முனகினான். "நட, வீட்டுக்குப் போவோம்."