கண்ணாடிக்கு முன்னால அப்பா

எங்கப்பா பொன்னுலிங்கத்த அஞ்சுகிராமத்துல தெரியாத ஆளு இருந்தா, அவன் ஊருக்குப் புதுசு, இல்லேன்னா அவனுக்குக் காது மந்தம். பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்களுக்கு வாழைக்குலைக் கடை. அப்பா கடைக்குள்ள நின்னு விலை சொன்னா ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடிக்கிறவன் திரும்பிப் பாப்பான். பொய் சொல்லுகேன்னு தோணிச்சுன்னா வந்து கேட்டுப் பாருங்க. இப்ப கடையப் பாக்குறது நான்தான், அவங்க மக அபிதா.

போயிலை போட்ட வாய். கீழ்த்தாடையில ஒரு புண்ணு வந்து, ஆறாமக் கிடந்து, கடைசில திருவனந்தபுரத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். கேன்சர்னு சொல்லிட்டாங்க. இடப்பக்கத் தாடையில பாதிய எடுத்துட்டு, நெஞ்சுல உள்ள சதையை அறுத்துக் கன்னத்துல வச்சுத் தச்சாங்க. அப்பா கண்ணு முழிச்சதும் அம்மை கட்டில் பக்கத்துல போய் நின்னு, "இனி உங்களுக்க நெஞ்சு வாய்க்குப் பக்கத்துல வந்தாச்சு, மனசுல உள்ளத எங்கிட்ட மறைக்க முடியாது கேட்டியளா"ன்னா. எங்கம்மை தாணம்மாள் அப்படித்தான். மத்தவங்க அழுற நேரத்துல அவ ஆளக் கிண்டல் பண்ணிட்டு நிப்பா.

அதுக்குப் பெறவு கரண்டு வச்சாங்க, அதான் கதிர்வீச்சு. மொகத்துல வலை மாதிரி ஒரு மூடியப் போட்டு, மேசையோட சேத்துப் பூட்டிட்டு எல்லாரும் வெளிய போயிருவாங்க. அப்பா மட்டும் அசையாம உள்ள கிடக்கணும். அதனால தினமும் காலையில லாட்ஜ் ரூமுல வச்சு அம்மை அப்பா நெத்தியில நாமம் இட்டு, "அய்யா உண்டு"ன்னு சொல்லி அனுப்புவா. நாங்க அய்யாவழிக்காரங்க, சாமிய அய்யான்னுதான் சொல்லுவோம். எங்களுக்கு வணக்கமும் அதுதான், தைரியமும் அதுதான். அப்பாவுக்கு வாய் திறக்க முடியாது, கை மட்டும் நெஞ்சுக்குப் போகும். கொஞ்ச நாள்ல அங்க உள்ள மலையாளத்து நர்சே மூடியப் பூட்டுறதுக்கு முன்னால "அய்யா உண்டு, அச்சா"ன்னு சொல்லத் தொடங்கிட்டா. அத அம்மை போன்ல சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம கூப்பிட்டுச் சொன்னா, என்னமோ திருவனந்தபுரத்தையே வழிக்குக் கொண்டு வந்துட்ட மாதிரி.

எல்லாம் முடிஞ்சு, ஸ்கேன் பாத்து, நோய் இல்லேன்னு டாக்டர் சொன்ன அன்னைக்குத்தான் காரியம் கெட்டுச்சு. எப்பவும் படியில இறங்குற நாங்க அந்த சந்தோஷத்துல லிப்டுல ஏறினோம். உள்ள சுவர் பூரா கண்ணாடி. ஒட்டிப்போன இடப்பக்கம், கீழ இழுத்துக்கிட்டு நிக்கிற உதடு, கன்னத்துல வேற நிறத்துல ஒரு சதை. தன்னுடைய புது மொகத்த அப்பா அங்கதான் முழுசாப் பாத்தாங்க. ஒரு தடவ பாத்தாங்க, பெறவு தரையப் பாத்தாங்க. வீடு வந்து சேருற வரைக்கும் தரையத்தான் பாத்தாங்க.

வீட்டுல ஒரு கண்ணாடி இருக்கப்படாதுன்னுட்டாங்க. பீரோக் கண்ணாடி மேல அம்மை காலண்டர ஒட்டினா. நான் பொட்டு நேரா இருக்கான்னு அம்மைட்ட கேட்டுக் கேட்டு வச்சேன். கடைப் பக்கமே அப்பா வரல. துபாய்ல இருக்க அண்ணன் சுதன் வீடியோ கால் போட்டா, போனக் கவுத்து வச்சுட்டுக் காதால மட்டும் கேப்பாங்க. எனக்கு ஆத்திரமா வரும். சாவுகிட்ட மல்லுக்கட்டி ஜெயிச்சுட்டு வந்த மனுஷன் களவாணி மாதிரி எதுக்கு ஒளியணும்? சொன்னா அம்மை, "சவத்த விடு மக்கா, பைய வரட்டும்"பா.

ஆனா அம்மையாலயே விட முடியாத ஒண்ணு இருந்துச்சு. அப்பா தாங்கலுக்கு, அதான் எங்க கோயிலுக்கு, போகல. கல்யாணம் ஆன நாள்லருந்து ஞாயித்துக்கிழமை தாங்கலுக்குப் போகாத புருஷன அவ பாத்ததே இல்ல.

எங்க தாங்கல்ல சாமி சிலை கிடையாது. பள்ளியறைக்குள்ள ஒரு கண்ணாடி இருக்கும், முன்னால விளக்கு எரியும். ஆம்பளைங்க சட்டையக் கழட்டி, தலைப்பாகை கட்டி அதுக்கு முன்னால போய் நிக்கணும். கண்ணாடியில தெரியுறது நீ, உனக்குள்ள இருக்குறது அய்யா. அவ்வளவுதான் விஷயம். ஒரு காலத்துல எங்காளுங்க தலையில துண்டு கட்டினா அடி விழும். அதனால அங்க கட்டுற தலைப்பாகை எங்களுக்குக் கிரீடம். அப்பா கிரீடத்துக்கு ஒண்ணும் பயப்படல, கண்ணாடிக்குத்தான் பயந்தாங்க.

தாங்கல்ல திருவிழா தொடங்குச்சு. அப்பா நன்றி மறக்குற ஆளு இல்ல. அன்னதர்மத்துக்குன்னு ஒரு லோடு ஆட்டோ நெறைய அரிசி, தேங்கா, கடையிலயே நல்ல மட்டிக்குலையாப் பாத்து ஏத்தச் சொன்னாங்க. அம்மை வாசல்ல வந்து ஆட்டோவப் பாத்தா, அப்பாவப் பாத்தா.

"அய்யாவுக்கு உண்டியலும் கிடையாது, காணிக்கையும் கிடையாது. குலைய அனுப்பிட்டு ஆளு தப்பிக்க முடியாது, கேட்டியளா. உயிரத் தந்ததுக்கு நன்றி சொல்லணும்னா நேர போய் நிக்கணும்."

அப்பா ஆட்டோக்காரனப் போகச் சொல்லிக் கையக் காட்டினாங்க.

"நீங்க வராம நானும் போகமாட்டேன்"னு சொல்லிட்டு அம்மை உள்ள போய்ட்டா. சொன்ன மாதிரியே போகல. தெருவே தாங்கலுக்குப் போகும், அம்மை அடுக்களையில உக்காந்து தேங்கா துருவுவா. அவளும் பிடிவாதம், அவங்களும் பிடிவாதம், நடுவுல கிடந்து நான் வெப்ராளத்துல தவிச்சேன். இந்தத் திருவிழா இப்படியே போச்சுன்னா அப்பா இனி எந்தக் காலத்துலயும் அந்தப் படி ஏற மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்.

இதுக்கு வழி கண்டுபிடிச்சது செல்வதாஸ் சித்தப்பா. அப்பாவுக்கு நேர் தம்பி, தாங்கல்ல பணிவிடை செய்யுறவங்க. ரொம்ப நல்ல மனுஷன். நல்ல மனுஷங்க செய்யுற கோளாறு ஒரு தினுசா இருக்கும்.

"அண்ணே, நாளைக்கு மத்தியானம் உச்சிப்படிப்புக்கு வாங்க. நீங்க ஒண்ணும் யோசிக்காண்டாம். எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்"னாங்க. அப்பா ரொம்ப நேரம் அம்மை இருக்க அடுக்களையப் பாத்துட்டு இருந்தாங்க. பெறவு சரின்னு தலைய ஆட்டினாங்க. தலை நிமிராம கும்பிட்டுட்டு வந்துரலாம்னு நினைச்சிருப்பாங்க போல.

வாசல்ல செருப்பு போடுறப்பதான் சித்தப்பா என்கிட்ட விஷயத்தச் சொன்னாங்க. "கண்ணாடி மேல ஒரு காவித்துணியச் சாத்திடலாம்னு இருக்கேன் மக்கா. அண்ணன் சங்கடமில்லாம நின்னு கும்பிடட்டும்."

"அய்யாவையா மூடப் போறீங்க?"

"ஒரு நாளுதான மக்கா. அவரு கோவிக்க மாட்டாரு."

அம்மை காதுல விழுந்துச்சுன்னா சித்தப்பா கதி அதோகதின்னு நான் வாய மூடிக்கிட்டேன்.

மறுநாள் அப்பாவ ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போனேன். தோர்த்துத் துண்டால மொகத்தச் சுத்தியிருந்தாங்க. அம்மை நடந்தே வந்தா, எங்களுக்கு முன்னாலயே வந்துட்டா. தாங்கல் முற்றத்துல நல்ல கூட்டம். அப்பா தோர்த்த எடுத்து இடுப்புல கட்டினாங்க, சட்டையக் கழட்டினாங்க. நெஞ்சுல தையல் போட்ட குழி தெரிஞ்சுச்சு. பாத்தவங்க எல்லாரும் டக்குன்னு வேற எங்கயோ பாத்தாங்க. மரியாதையாத்தான் பாத்தாங்க, இருந்தாலும் எனக்கு எரிச்சலா இருந்துச்சு. அம்மை வெள்ளைத் துணிய நீட்டினா. அப்பா கை மறக்கல, ரெண்டே சுத்துல தலைப்பாகை சுருக்கமில்லாம உக்காந்துச்சு.

ஆளுங்க வழி விட்டாங்க. அப்பா தரையப் பாத்துக்கிட்டே போய் பள்ளியறை நடைக்கு முன்னால நின்னாங்க. கை கூப்பினாங்க. எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தோம். பைய, ரொம்பப் பைய, அப்பா கண்ணு மேல ஏறுச்சு. விளக்குக்குப் பின்னால கண்ணாடி இல்ல, காவித்துணிதான் தொங்குச்சு.

"செல்வம், அது என்னலே?"

சித்தப்பா தடுமாறிட்டாங்க. "இல்லண்ணே, உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு..."

"எனக்காவ அய்யாவ மூடுனியா?"

ஆபரேஷனுக்குப் பெறவு அப்பா கொரலு அந்த அளவுக்கு எழும்பினது அன்னைக்குத்தான். பாதித் தாடை வச்சு வந்த சொல்லு கொழகொழன்னு இருந்துச்சு. ஆனா என்ன சொன்னாங்கன்னு தெரியலேன்னு முற்றத்துல ஒருத்தரும் சொல்ல முடியாது.

"எடு அத."

"அண்ணே, ஆளு நெறைய நிக்குது."

"நிக்கட்டும். இந்த மூஞ்சிய மிச்சம் பிடிச்சுத் தந்தது அவருலே. அவருக்கே காட்டாம நான் வேற யாருக்குக் காட்ட?"

சித்தப்பா உள்ள போய்த் துணிய எடுத்தாங்க. விளக்கு வெளிச்சத்துல கண்ணாடிக்குள்ள அப்பா வந்து நின்னாங்க, தலைப்பாகையும் நாமமும் ஒட்டிப்போன கன்னமுமா. நல்ல பக்கத்த மட்டும் காட்டிக்கிட்டுச் சாஞ்சு நிக்கல, நேரா நின்னாங்க. கண்ண எடுக்கல.  இது எங்கப்பா, நல்லாப் பாத்துக்கிடுங்கன்னு பக்கத்துல நிக்கிற ஒவ்வொருத்தர்ட்டயும் சொல்லணும் போல இருந்துச்சு. சொல்லத் தேவையில்லாம இப்ப எல்லாருமே பாத்துக்கிட்டுதான் இருந்தாங்க.

"அய்யா உண்டு"ன்னாங்க அப்பா. எங்க கடைக்குள்ள நின்னு பேசுற சத்தம். முற்றமே திருப்பிச் சொல்லுச்சு.

அவ்வளவு சத்தமாச் சொன்னதுல வாயோரம் எச்சில் வழிஞ்சுச்சு. பொம்பளைங்க நிக்கிற பக்கமிருந்து அம்மை முந்தானையப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தா. அப்பா கையக் காட்டி அவள நிறுத்தினாங்க. இடுப்புல கட்டியிருந்த துண்டு முனைய எடுத்து, கண்ணாடியில எங்க வழியுதுன்னு பாத்து, பொறுமையா அவங்களே தொடைச்சாங்க.