ஜெயம்மாவைக் குளவி கொட்டிய பிறகு

தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி விழுந்த ஜெயம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த வாரத்தில்தான் அந்தப் பேச்சு கிளம்பியது. மகள் ஷாமிளா போனில் எதையோ பார்த்துவிட்டு, "தேனீ, குளவி விஷம் மார்புப் புத்துநோயக் கொல்லுமாம்மா" என்று சொல்லிவைத்தாள். அவ்வளவுதான். மார்பில் கட்டியோடு மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஜெயம்மா, இனிப் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

"நம்ம கோயில் மாடசாமியே குளவிய அனுப்பி வைத்தியம் பண்ணிருச்சு. இன்னும் என்னத்துக்கு அந்த ஊசி?"

அவள் புருசன் காத்தமுத்து லேசில் யாரையும் நம்புகிற ஆளில்லை. கங்காணியை நம்பமாட்டார், சங்கத் தலைவரை நம்பமாட்டார், டாக்டர்மாரையும் அரைகுறைதான். போனை அறவே நம்பமாட்டார். ஆனால் மருந்து ஏற்றிவிட்டு வந்து அவள் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தியெடுத்ததைப் பார்த்தவர். போ என்று சொல்ல வாய் வரவில்லை.

விடிந்தால் மஹரகமவில் மருந்து ஏற்றும் நாள். அன்று பின்னேரம் மகளைக் கூப்பிட்டார்.

"அந்தப் போன எடு. முழுசாப் படி."

படித்தாள். ஆய்வுகூடத்தில் கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்க் கலங்கள்மேல், அதாவது உயிரணுக்கள்மேல், தேனீ விஷத்தை விட்டார்களாம். செத்தனவாம். அளவு கூடினால் நல்ல கலத்தையும் கொல்லுமாம். மனுசருக்கு மருந்தாக இன்னும் நாளாகுமாம்.

"இத ஏன்டி அன்னைக்கே சொல்லல?"

"அம்மா சிரிச்சாங்கப்பா. ரொம்ப நாளைக்குப் பொறகு."

அடுப்படியிலிருந்து ஜெயம்மா கேட்டாள்: "தட்டுல செத்தது எனக்குள்ள சாகாதா?"

"மேட்டு லயத்து மெய்யாயி இதே மலையில குளவி கொட்டித்தான் செத்தா. அவளுக்கென்ன புத்துநோயா இருந்துச்சு? கல்லு மாதிரி இருந்தவ" என்றார் காத்தமுத்து.

"நான் சாகலையே."

அவர் அடுப்படி வாசலுக்கு வந்தார்.

"சரி. கட்டி கொறஞ்சிருக்கா?"

அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"தொட்டுப் பாத்தியா?"

"இல்ல."

கொட்டு வாங்கிய நாளிலிருந்து, குளிக்கும்போதுகூட, அவள் அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. நம்புகிறவள் தொட்டுப் பார்த்திருப்பாள்.

"பாரு. கொறஞ்சிருந்தா நானே போக வேணாங்கறேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு ஜாக்கெட்டுக்குள் கையை விட்டாள். உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. கையை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"நாளைக்கு மொத பஸ்ஸ விட்டா மஹரகம பஸ்ஸுக்கு அவிசாவளையில காஞ்சிகிட்டு நிக்கணும்" என்றாள். "நீங்களும் வாங்க. வாந்தி வந்தா தலையப் பிடிக்க ஆள் வேணும்."