குறட்டை விட்ட பீச் காப்ளர்

ஹோசியா டார்வர் செத்துப்போன அடுத்த ஜூலையில், அவன் மனைவி லுவீனியா பீச் பழத்தை மாவால் மூடிச் சுட்ட காப்ளர் அவனுடைய குறட்டையை விட ஆரம்பித்தது. அந்த வருடம் பழ விளைச்சல் சுமார், வெயில் ஜாஸ்தி, ஆற்றுப் பாலத்துக்குப் புதிதாகப் பலகை போட்டார்கள். ஜார்ஜியாவின் நட்டநடுவில், ரயில் பாதை பீச் தோப்பை இரண்டாகக் கிழித்துக்கொண்டு போகிற எங்கள் பெரிமன் கிராசிங்கில், அந்த வருடத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் இவ்வளவையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள். பாலத்துக்கு ஒரு குரல், குறட்டைக்கு ஒரு குரல் என்று மாற்ற மாட்டார்கள்.

ஹோசியா பழம் கட்டும் கொட்டகையில் பெட்டி ஏற்றுகிறவன். பிப்ரவரியில் ஒரு காலை, ஒரு ஷூ கயிற்றைக் கட்டிவிட்டு மற்றதைக் கட்டுவதற்குள் போய்விட்டான். நல்ல மனுஷன், பேச்சு குறைவு. பேசாததையெல்லாம் சேர்த்துவைத்துத் தூக்கத்தில் குறட்டையாக விடுவான் போலிருக்கிறது. அந்தக் குறட்டைக்கு மூன்று பாகம் உண்டு. முதலில் சுமை வண்டியோடு கோவேறு கழுதை மேடு ஏறுகிற மாதிரி ஒரு இழுப்பு. அப்புறம் ஆள் இருக்கிறானா போய்விட்டானா என்று பக்கத்தில் படுத்தவள் எழுந்து பார்க்கிற அளவுக்கு ஒரு நிறுத்தம். கடைசியில், கெட்டில் கொதிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி மெல்லிசாக ஒரு விசில். கல்யாணமான முதல் வாரம் லுவீனியா தலையணையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் அழுதாள். இரண்டாவது மாதம் அந்தச் சத்தம் நின்றால் விழித்துக்கொள்ள ஆரம்பித்தாள். அதற்கப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் அந்தச் சத்தத்துக்குள்ளேதான் தூங்கினாள், மழைக்காலத்தில் கூரைக்கடியில் தூங்குகிற மாதிரி.

ஆகவே பிப்ரவரியிலிருந்து லுவீனியாவுக்குத் தூக்கம் இல்லை. கொஞ்சமாக இல்லை என்பதல்ல, சுத்தமாக இல்லை. சபையின் திரைச்சீலைகளுக்குக் கஞ்சி போடும் முறை அவளுடையது. போட்டதை மறந்து மறந்து திரும்பத் திரும்பப் போட்டதில் அவை கழற்றி வைத்தாலும் தாமாகவே நின்றன. பிஸ்கட் மாவில் காப்பித்தூளைப் பிசைந்தாள். நாளைக்கு மழை வரும் போலிருக்கிறது என்று போதகர் பிட்மன் அறிவித்ததற்கு எழுந்து நின்று கையைத் தூக்கி அல்லேலூயா சொன்னாள். டாக்டர் கொடுத்த தூக்கப் பொடி அவளுக்கு ஏறவில்லை. பூனை அதை நக்கிவிட்டு ஈஸ்டர் வரை தூங்கியது. பக்கத்து வீட்டு ட்ரூசில்லாவுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. வேலிக்கு மேலாக எட்டிச் சொன்னாள்:

"நம்ம எல்மோரை வேணா கூட்டிட்டுப் போடி. வயித்துக்குப் போட்டு நாற்காலில உக்கார வச்சாப் போதும், தானா ஆரம்பிச்சிரும்."

"உன் புருஷனை நான் கூட்டிட்டுப் போனா ஊரு என்னடி பேசும்?"

"அந்த மூஞ்சியப் பாத்த யாரும் தப்பாப் பேச மாட்டாங்க. கூட்டிட்டுப் போ."

எல்மோர் வந்தான். ஹாம் சாப்பிட்டான், சோள ரொட்டி சாப்பிட்டான், முன் வராந்தாவில் உட்கார்ந்து சொன்னபடி குறட்டை விட்டான். ஆனால் அது ஈர மரத்தை ரம்பத்தால் அறுக்கிற ரகம். இழுப்பு மட்டும்தான், நிறுத்தமும் இல்லை, விசிலும் இல்லை. லுவீனியா மரியாதையாக மாலை வரை கேட்டுவிட்டு, வீட்டுக்கு ஒரு தட்டு கட்டிக்கொடுத்து அனுப்பினாள். எல்மோர் அடுத்த நாளும் வரத் தயாராகத்தான் இருந்தான்.

ஜூலையில் கொட்டகை ஆட்கள், ஹோசியா இருந்தபோது செய்கிற மாதிரியே, ரயில் ஏற்ற முடியாமல் கனிந்துபோன பழத்தை ஒரு கூடை அவள் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். பழம் வந்தால் காப்ளர் சுட வேண்டும், அதற்குத் தூக்கம் தேவையில்லை. கொதிநீரில் முக்கி எடுத்தாள், தோல், சட்டை மாதிரி கழன்று வந்தது. துண்டு போட்டு, சர்க்கரை தூவி, பழம் தானாகத் தண்ணீர் விடும் வரை காத்திருந்தாள். வெண்ணெய், துளி எலுமிச்சை, துருவின ஜாதிக்காய். பட்டை போடமாட்டாள், பட்டை போடுகிறவர்கள் பழத்தின் மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் என்பது அவள் கட்சி. மாவை உருட்டித் தேய்த்து, கொஞ்சத்தைக் கிழித்துப் பழத்துக்குள்ளேயே புதைத்து, மீதியை நாடாக்களாக வெட்டிப் பாய் முடைகிற மாதிரி மேலே குறுக்கும் நெடுக்கும் போட்டு, விறகடுப்பின் ஓவனில் தள்ளினாள். மேல் மாவு சிவந்து வருகிற நேரத்தில் உள்ளேயிருந்து கழுதை மேடு ஏறியது. கதவைத் திறந்து பார்த்தாள். மாவு மெதுவாக மேலே எழும்பி, அப்படியே நின்று, பாகு ஒரு மூலையில் குமிழிட, விசிலோடு கீழே இறங்கியது. லுவீனியா காப்ளரை வெளியே எடுத்து ஹோசியாவின் நாற்காலியில் வைத்தாள், எதிரில் உட்கார்ந்தாள், கையில் பிடிதுணி இருக்கும்போதே தூங்கிப்போனாள். மறுநாள் மதியம் ட்ரூசில்லா வந்து எழுப்பினாள்.

சீக்கிரமே விவரம் பிடிபட்டது. கெடாமல் இருக்கிற வரை, அதாவது இரண்டு மூன்று நாள், காப்ளர் குறட்டை விடும். கரண்டி பட்டால் மனுஷனை எழுப்பிவிட்ட மாதிரி "ஹூம்" என்று ஒரு உறுமல், அதோடு சரி. ஆகவே லுவீனியா யாரையும் தொட விடவில்லை. எங்கள் ஊருக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. குறட்டையை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் மூன்று நாளைக்கு ஒருமுறை வெண்ணெயும் பழமும் வேகிற வாசனை தெரு முழுக்கப் போக, ஒருத்தருக்கும் ஒரு கரண்டி இல்லை என்பது யாரும் கேள்விப்படாத விஷயம். ஆம்பிளைகள் அவள் வேலியோரம் ஷூ கயிறு கட்டக் குனிந்தார்கள், நிமிரவே இல்லை. புளித்துப்போன காப்ளரைப் பன்றிக்குப் போட்டாள். பன்றி முன்பே குறட்டை விடுகிற ஜீவன், அதனால் வித்தியாசம் தெரியவில்லை.

ஆகஸ்ட் வந்தது, பழம் முடிந்தது. ஜாடியில் போட்டுவைத்த பழத்தில் ஒன்று சுட்டுப் பார்த்தாள். அது பெருமூச்சு மட்டும் விட்டது. கடைசிக் கூடையில் கடைசி காப்ளரைச் சுட்டாள். அதை விட்டால் அடுத்த ஜூலை வரை விழித்திருக்க வேண்டும். அவ்வளவு காலம் விழித்திருந்தால் செத்துப்போவேன் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் காப்ளர் சுட்ட மறுநாள்தான் சபையில் ஊர் திரும்பும் ஞாயிறு.

அந்த ஞாயிறன்று டெட்ராய்ட்டுக்கும் சிகாகோவுக்கும் பிழைக்கப் போன எல்லோரும் தொப்பியும் புதுச் சட்டையுமாக வந்து இறங்குவார்கள். ஆராதனை முடிந்ததும் பீக்கன் மரத்தடியில் நீள மேஜை போடுவோம். எந்தப் பாத்திரம் யாருடையது என்பது பிறப்புரிமை மாதிரி. உருளைக்கிழங்கு சாலட் ட்ரூசில்லாவுக்கு, காலர்ட் கீரை போதகர் மனைவிக்கு, காப்ளர் லுவீனியாவுக்கு. வெறுங்கையோடு வரவும் அவளுக்கு மனசில்லை, அதை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வரவும் தைரியமில்லை. கொண்டுவந்து மேஜையின் கடைக்கோடியில் வைத்து, முன்னால் கைப்பையை நிறுத்தி மறைத்தாள். போதகர் உணவை ஆசீர்வதிக்கக் கண்ணை மூடியதும் கழுதை மேடு ஏறியது. போதகர் கண்ணைத் திறக்காமலே, "சகோதரர் ஹோசியா உயிரோட இருந்தப்பவும் என் ஜெபத்துல இப்படித்தான்" என்றார், கோபத்தில் ஜெபத்தை இன்னும் நீட்டினார்.

அடக்கிய சிரிப்பில் குலுங்கிய கூட்டத்தில் ஒரு தொப்பி மட்டும் ஆடாமல் நின்றது. அது வெர்டெல், ஹோசியாவின் தங்கை, டெட்ராய்ட்டில் கார் ஃபாக்டரியில் வேலை. ஆமென் சொன்ன கையோடு தட்டை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கோடிக்கு வந்தாள்.

"அண்ணி, இது அவன்தானே?"

"அவன்தான்."

"இந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே நான் ஊரை விட்டே ஓடினேன்!"

"வேலைக்குப் போறேன்னுதானே சொன்னே?"

"வேலை இங்கயும்தான் இருந்துச்சு. தூக்கம் எங்க இருந்துச்சு? சின்ன வயசுல ஒரே ரூம்ல படுத்துக் கெடந்திருக்கேன், எனக்குல்ல தெரியும்." வெர்டெல் கைப்பையை நகர்த்திவிட்டுத் தட்டை நீட்டினாள். "சரி, வை."

"இது திங்கிறதுக்கு இல்லடி."

"காப்ளர் பின்ன எதுக்கு? தலைமாட்டுல வச்சுப் படுக்கவா?"

"ஆமா" என்றாள் லுவீனியா.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லுவீனியா சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "இதுதான் கடைசிப் பழம், வெர்டெல். கரண்டி பட்டா நின்னுரும். அப்புறம் நான் எப்படித் தூங்குவேன்?" என்றாள்.

வெர்டெல் தட்டை இறக்கவில்லை. "பிப்ரவரில லீவு கேட்டேன், குடுக்கலை. நீங்க எல்லாரும் அவனைப் புதைச்சிட்டு வந்து உக்காந்து அவன் பேரைச் சொல்லிச் சாப்பிட்டீங்க. நான் அங்க நின்னு கார் கதவுக்குத் திருகாணி முடுக்கிட்டிருந்தேன். என் அண்ணன் சாப்பாடு எனக்கு இன்னும் போடலை, அண்ணி."

எங்கள் பக்கத்தில் அடக்கத்துக்குப் பிறகு எல்லோரும் கூடி உட்கார்ந்து சாப்பிட்டால்தான் செத்தவர் முழுசாகப் போனதாகக் கணக்கு. அந்தச் சாப்பாட்டுத் தட்டோடு ஒருத்தர் வந்து நின்றால் இல்லை என்று சொல்ல எங்கள் கைக்குப் பழக்கமில்லை. லுவீனியா கொஞ்ச நேரம் மாவு எழும்பி இறங்குவதையே பார்த்தாள். பிறகு கரண்டியை எடுத்து, ஹோசியாவுக்குப் பிடித்த மூலை மாவாகப் பார்த்து வெட்டினாள். "ஹூம்" என்றது காப்ளர். அமைதியாகிவிட்டது.

ஒரு தட்டு போட்டதும் அடக்கத்துக்கு வராத மற்றவர்களும் தட்டை நீட்டினார்கள். அவர்கள் நீட்டியதும், வந்து வயிறாரச் சாப்பிட்டவர்களும் மரியாதைக்காக நீட்டினார்கள். எல்மோர் மரியாதைக்காக இரண்டு தரம் நீட்டினான். பாத்திரம் பெரிசுதான், ஆனாலும் ஆளுக்கு ஒரு கரண்டிக்கு மேல் வரவில்லை. லுவீனியாவுக்கு மிஞ்சவில்லை. காலிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். ட்ரூசில்லா அவளுக்கு விசிறிவிட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெயிலும் பொரித்த கோழியும் சேர்ந்தால் யாருக்கும் கண் சொக்கும். முதலில் சொக்கியது வெர்டெல். நாற்காலியில் நேராக, தொப்பி கோணாமல் தூங்கிப்போனாள். அவள் மூக்கிலிருந்து கழுதை மேடு ஏறி, நின்று, விசிலடித்து இறங்கியது. விரிப்பில் படுத்திருந்த எல்மோர் தன் பழைய ரம்பத்தைப் பாதியில் போட்டுவிட்டு அவளோடு சேர்ந்துகொண்டான். அப்புறம் டீக்கன்மார், பாடகர் குழு, சிகாகோக்காரர்கள், காருக்குள் கதவைத் திறந்துபோட்டுப் படுத்தவர்கள். ஒவ்வொருவராகச் சேரச் சேர, இழுப்பு ஒரே இழுப்பானது, நிறுத்தம் ஒரே நிறுத்தமானது, விசிலில் பீக்கன் இலைகள் ஆடின. மதிய ஆராதனைக்கு மணியடிக்க வந்த போதகர் மணிக்கயிற்றைப் பிடித்தபடியே தூங்கினார். அவரும் ஒரு கரண்டி சாப்பிட்டிருந்தார். நடுவில் லுவீனியா பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். சபை ஆரம்பித்த நாளிலிருந்து மதிய ஆராதனை நடக்காத ஒரே ஞாயிறு அதுதான்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் வேறு மாதிரி குறட்டை விட்டதில்லை. சில பெண்கள் ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள், புதுப் புருஷனோடு படுத்த மாதிரி கூச்சமாக இருக்கிறது என்றார்கள். ட்ரூசில்லா மட்டும் ரம்பம் போனது நல்லதே என்றாள். வெர்டெல் டெட்ராய்ட்டிலிருந்து போன் போட்டு, அவ்வளவு தூரம் ஓடிவந்தும் அண்ணன் தன் மூக்குக்குள்ளேயே குடிவந்துவிட்டான் என்றும், கீழ்வீட்டுக்காரர்கள் துடைப்பக் கட்டையால் மேல்தளத்தைத் தட்டுகிறார்கள் என்றும் சொல்லித் திட்டினாள். திட்டிவிட்டு, நன்றாகத் தூங்குகிறேன் என்றாள். மறு ஜூலையில் லுவீனியா சுட்ட காப்ளர் சத்தம் போடவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள், கேட்காதவர்கள் வீட்டுக்கும் அனுப்பினாள்.

இப்போதெல்லாம் அவள் குளிர்காலத்திலும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் படுக்கிறாள். தெருவின் இரண்டு பக்கத்து வீடுகளிலிருந்தும் சத்தம் வரும். புதிதாக ஊருக்கு வருகிற வியாபாரிகள் அது என்ன என்று கேட்டால், ஹோசியா என்று சொல்லிவிட்டு சாமானின் விலையை விசாரிப்போம். சில ராத்திரி சத்தம் அளவுக்கு மீறிப் போகும். அப்போது லுவீனியா கண்ணைத் திறக்காமலே ஜன்னல் பக்கம் திரும்பி, "ஹோசியா, கொஞ்சம் ஒருக்களிச்சுப் படு" என்பாள். தெருக்கோடி வரை வீட்டுக்கு வீடு கட்டில் கிரீச்சிடும், ஊரே அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும்.